நினைவில் ஒன்று, கோப்பில் ஒன்று: கட்டளை வழியே வலையமைப்பை அமைத்தல்

கல்லிடைக்குறிச்சியில் அப்பள மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றின் முன்னறையில் மூன்று கணினிகளும், உள்ளறையில் பில் போடும் மென்பொருளைத் தாங்கும் லினக்ஸ் சர்வர் ஒன்றும் இருக்கின்றன. அந்தச் சர்வருக்கு 192.168.1.50 என்ற ஐ.பி. முகவரியைக் கொடுத்து வைத்தவன் நான். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஐப்பசி மாதத்து இடிமழையில் ஓர் இரவு முழுவதும் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்து, யு.பி.எஸ். பேட்டரியும் தீர்ந்து, சர்வர் அணைந்து மறுபடி எழுந்த காலையில், கடையில் கணக்குப் பார்க்கும் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "அண்ணாச்சி, நெட்டெல்லாம் நல்லா வருது. பில்லு மட்டும் வர மாட்டேங்கு" என்றார்.

கோளாறு எங்கே என்பது அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களிலேயே இருந்தது. இணையம் வருகிறது என்றால் கேபிளும் ரூட்டரும் வெளியே போகும் வழியும் நலமாக இருக்கின்றன. பில் மட்டும் வரவில்லை என்றால் சர்வர் தன் பழைய முகவரியில் இல்லை. நான் அந்த முகவரியைக் கொடுக்கப் பயன்படுத்திய கட்டளை, ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் நினைவகத்தில் மட்டுமே அதை எழுதியிருந்தது. கணினி மறுபடி எழுந்தபோது நினைவகம் வெறுமையாக இருந்தது. வட்டில் இருந்த கோப்போ, முகவரியை ரூட்டரிடம் கேட்டு வாங்கிக்கொள் என்று முன்போலவே சொன்னது. ரூட்டர் 192.168.1.107 என்ற முகவரியைக் கொடுத்தது. முன்னறைக் கணினிகள் மூன்றும் இன்னமும் 50-ஐத் தேடிக்கொண்டிருந்தன.

கட்டளை வழியே வலையமைப்பை அமைப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய செய்தி இதுதான். முகவரி, வழி, பெயரை எண்ணாக மாற்றும் பெயர்ச் சேவை என்று எந்த அமைப்பை எடுத்தாலும் அது இரண்டு இடங்களில் இருக்கிறது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் இந்த நொடியில் கைக்கொண்டிருப்பது ஒன்று. அடுத்த முறை கணினி எழும்போது படிக்கப்போகும் கோப்பில் இருப்பது மற்றொன்று. சில கட்டளைகள் முதலாவதை மட்டும் மாற்றும், சில இரண்டாவதை மட்டும் மாற்றும், ஒரு சில இரண்டையும் சேர்த்து மாற்றும். எந்தக் கட்டளை எதை மாற்றுகிறது என்று தெரியாமல் தட்டினால், மூன்று வாரம் ஓடி நான்காவது வாரத்தில் நிற்கும். நான் பார்த்த வலையமைப்புக் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால் வந்தவையே.

இங்கே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். சொடுக்கி மாற்றும் அமைப்புப் பெட்டி இருக்கும்போது கட்டளை தட்டும் டெர்மினல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பெட்டி பெரும்பாலும் சேமித்து வைத்த அமைப்பைத்தான் காட்டுகிறது. கெர்னல் இப்போது உண்மையில் என்ன வைத்திருக்கிறது என்பதை நேராகக் கேட்டுச் சொல்வது கட்டளையே. திரையே இல்லாத சர்வர்களுக்கும், தொலைவிலிருந்து நுழைந்து பார்க்கும் கணினிகளுக்கும் வேறு வழியும் இல்லை.

லினக்ஸில் இதற்கு இரண்டு தலைமுறைக் கருவிகள் உள்ளன. 'இஃப்கான்ஃபிக்' என்பது 1983-இல் வெளிவந்த 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸோடு வந்த பழைய கட்டளை. 'ஐபி' என்பது 1990-களின் இறுதியில் லினக்ஸ் கெர்னலின் 2.2 பதிப்பை ஒட்டி அலெக்ஸி குஸ்னெட்ஸோவ் எழுதிய ஐபிரூட்2 தொகுப்பைச் சேர்ந்தது. நம் ஊர்க் கணினிப் பயிற்சிக் குறிப்புகளில் இன்னும் இஃப்கான்ஃபிக்தான் முதலில் வருகிறது. அதை விட்டுவிடும்படி மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வேன். ஒரே வலை அட்டைக்கு இரண்டு முகவரிகள் இருந்தால் பழைய கட்டளை ஒன்றை மட்டும் காட்டி மற்றதை மறைத்துவிடும். கடைச் சர்வரில் ரூட்டர் கொடுத்த 107, நான் சேர்த்த 50 என இரண்டும் அந்த மூன்று வாரமும் ஒன்றாக இருந்தன. இஃப்கான்ஃபிக் மட்டும் பார்த்திருந்தால் 50 கண்ணில் பட்டே இருக்காது.

'ஐபி அட்ரஸ் ஷோ' என்று தட்டினால் வரும் விடையை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். அட்டையின் பெயருக்குப் பக்கத்தில் கோண அடைப்புக்குள் சில சொற்கள் வரும். அவற்றில் 'அப்' என்பது அட்டையை இயக்கி வைத்திருக்கிறோம் என்று மட்டுமே சொல்கிறது. 'லோயர்-அப்' என்பதுதான் கேபிளின் மறுமுனையில் உயிருள்ள ஒரு கருவி இருப்பதைச் சொல்கிறது. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாமல் 'நோ-கேரியர்' என்று வந்தால் விசைப்பலகையை விட்டு எழுந்து கேபிளையும் ஸ்விட்ச்சையும் பார்க்க வேண்டும். எந்தக் கட்டளையும் அங்கே உதவாது. அதற்குக் கீழே முகவரி வரும் வரியின் கடைசிப் பகுதியில் 'டைனமிக்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்த முகவரி ரூட்டரிடம் கடன் வாங்கியது. அடுத்த வரியில் 'வேலிட் லைஃப்டைம்' என்பதன் சுருக்கமான 'வேலிட்-எல்எஃப்டி'க்கு எதிரே நொடிக்கணக்கு ஒன்று குறைந்துகொண்டே வரும். கையால் கொடுத்த முகவரியாக இருந்தால் அந்த இடத்தில் 'ஃபாரெவர்' என்றிருக்கும். அந்த 'என்றென்றைக்கும்' என்ற சொல்லை நம்பித்தான் நான் ஏமாந்தேன். கடன் கெடு இல்லை என்பதே அதன் பொருள். மின்சாரம் போனாலும் நிற்கும் என்பதற்கு அது உறுதி தருவதில்லை.

முகவரிக்குப் பின்னால் சாய்கோட்டுடன் வரும் 24 என்ற எண்ணைப் பலரும் கண்டுகொள்வதில்லை. ஐ.பி. நான்காம் பதிப்பின் முகவரி 32 பிட் நீளமுள்ளது. அதில் முதல் எத்தனை பிட் வலையமைப்பைக் குறிக்கிறது என்பதை அந்த எண் சொல்கிறது. 24 என்றால் எஞ்சிய 8 பிட்டில் 256 முகவரிகள். முதலும் கடைசியும் நீங்கலாக 254 கருவிகளுக்குக் கொடுக்கலாம். விண்டோஸில் 255.255.255.0 என்று எழுதும் சப்நெட் மாஸ்க்கும் இதுவேதான். இது ஒரு குளத்தின் ஆயக்கட்டைப் போன்றது. ஆயக்கட்டுக்குள் இருக்கும் வயலுக்கு நம் குளத்து மடையிலிருந்தே தண்ணீர் போகும். அதற்கு வெளியே உள்ள வயலுக்கு வேறு கால் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு தகவல் பொட்டலத்தை அனுப்பும்முன் கணினி இந்த எண்ணை வைத்தே, சேர வேண்டிய முகவரி நம் ஆயக்கட்டில் உள்ளதா என்று பார்க்கிறது. உள்ளே என்றால் அதே கேபிளில் இந்த முகவரிக்காரர் யார் என்று எல்லோரையும் பார்த்துக் கேட்கிறது. 1982-இல் வரையறுக்கப்பட்ட ஏ.ஆர்.பி. என்ற நெறிமுறையின் வேலை அது. வெளியே என்றால் யாரையும் கேட்காமல், வெளியே போகும் வாசலான கேட்வேயிடம் ஒப்படைத்துவிடுகிறது. 24 இருக்க வேண்டிய இடத்தில் 16 என்று தட்டிவிட்டால், 192.168.5.20 என்ற வேறு கிளையின் கணினியும் இதே கேபிளில் இருப்பதாக எண்ணி நம் கணினி கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராது. இணையம் முழுக்க ஓடும், அந்த ஒரு கிளை மட்டும் எட்டாது.

இந்த நிலைகளைப் பிரித்தறிய பிழைச் செய்திகளே போதும், அவற்றைச் சொல் சொல்லாகப் படித்தால். 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய 'பிங்' இன்றும் முதல் சோதனைக் கருவி. அது 'நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்' என்றால், அந்த முகவரிக்குப் போக எந்த வழியும் கெர்னலின் பட்டியலில் இல்லை. பெரும்பாலும் கேட்வே கொடுக்க மறந்திருப்போம். 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வந்து, அதைச் சொல்லும் முகவரி நம் கணினியுடையதாகவே இருந்தால், வழி இருக்கிறது, ஆனால் அக்கம்பக்கத்தில் கேட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. 'டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசல்யூஷன்' என்றால் பெயரை எண்ணாக மாற்றும் இடத்திலேயே நின்றுவிட்டது. பொட்டலம் இன்னும் வீட்டுப் படியைத் தாண்டவில்லை. மூன்றையும் 'நெட் வரவில்லை' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டு ரூட்டரை அணைத்துப் போடுவது நேரத்தை வீணாக்கும் வேலை.

பிங்குக்குப் பதில் வராததாலேயே எதிர்க் கணினி இல்லை என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. விண்டோஸின் ஃபயர்வால் வழக்கமாகப் பிங்குக்குப் பதில் சொல்ல விடுவதில்லை. பிங் செய்த கையோடு 'ஐபி நெய்பர்' என்று தட்டினால் அக்கம்பக்கத்துப் பட்டியல் வரும். எதிர் முகவரிக்கு நேரே, அட்டைக்கே உரிய வன்பொருள் முகவரி ஒன்று நிரம்பியிருந்தால் கணினி அங்கே இருக்கிறது, பேச மறுக்கிறது, அவ்வளவுதான். 'ஃபெயில்டு' என்றிருந்தால் அந்த முகவரியில் ஆளே இல்லை. கடையின் முன்னறைக் கணினி ஒன்றில் 'ஏ.ஆர்.பி. -ஏ' என்ற விண்டோஸ் கட்டளையைத் தட்டச் சொன்னபோது பட்டியலில் 50 இல்லை. பேருந்து ஏறும் முன்பே அது எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்தது வழி. பாபநாசத்திலிருந்து இறங்கும் தாமிரபரணியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள் வரிசையாக உள்ளன. சேரன்மகாதேவிப் பக்கத்து வயலுக்கான தண்ணீர் கன்னடியன் அணைக்கட்டில் திரும்புகிறது. நெல்லைக் கால்வாய்க்கானது சுத்தமல்லி வரை வந்து திரும்புகிறது. எங்கும் திரும்பாதது ஆற்றோடு கடலுக்குப் போகிறது. 'ஐபி ரூட்' காட்டும் பட்டியலும் இப்படித்தான் வேலை செய்கிறது. சேர வேண்டிய முகவரிக்கு மிகக் குறுகலாகப் பொருந்தும் வரி எதுவோ அந்த வரிப்படி பொட்டலம் திரும்பும். எதிலும் பொருந்தாதவை 'டிஃபால்ட்' என்று தொடங்கும் வரிப்படி கேட்வேயை நோக்கிப் போகும். வரிகள் எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதற்கு இதில் இடமே இல்லை.

'டிஃபால்ட்' வரி இரண்டு இருந்தால் என்ன ஆகும் என்பது நம் பக்கத்து அலுவலகங்களில் மழைக்காலம் தோறும் எழும் கேள்வி. மரம் விழுந்து ஃபைபர் அறுந்துவிடுகிறது. உடனே கைபேசியை யு.எஸ்.பி. கேபிளில் செருகி அதன் இணையத்தைப் பயன்படுத்தப் பார்க்கிறோம். கைபேசியில் நெட் இருக்கிறது, கணினியில் வரவில்லை. காரணம், அறுந்தது தெருவில் உள்ள ஃபைபர். ரூட்டருக்கும் கணினிக்கும் இடையே உள்ள கேபிள் நன்றாகவே இருக்கிறது. ஆகவே அந்த அட்டை இன்னும் 'லோயர்-அப்' நிலையில் நிற்கிறது, ரூட்டர் வழியான 'டிஃபால்ட்' வரியும் அப்படியே இருக்கிறது. இரண்டு வரிகளில் 'மெட்ரிக்' என்ற எண் எதற்குக் குறைவோ அதுவே வெல்லும். பல லினக்ஸ் கணினிகளில் வலை அமைப்பைப் பராமரிக்கும் நிரலான நெட்வொர்க் மேனேஜர் வழக்கமாகக் கம்பிவழி இணைப்புக்கு 100, வைஃபைக்கு 600 என்று அந்த எண்ணைத் தருகிறது. இணையம் உண்மையில் வருகிறதா என்று சோதிக்கும் வசதி இயங்கும் கணினிகளில் அது செத்த வழியின் எண்ணோடு 20000-ஐக் கூட்டித் தானே ஒதுக்கிவிடும். அந்த வசதி இல்லாத கணினிகளில் நாம்தான் செய்ய வேண்டும். கூகுளின் பெயர்ச் சர்வர் முகவரியைக் கொடுத்து 'ஐபி ரூட் கெட் 8.8.8.8' என்று கேட்டால் இப்போது பொட்டலம் எந்த வழியாகப் போகும் என்று கெர்னலே சொல்லிவிடும். பிறகு கைபேசியின் கேட்வேயைக் கொடுத்து 'மெட்ரிக் 50' என்று முடியும் புதிய 'டிஃபால்ட்' வரி ஒன்றைச் சேர்த்தால் போதும். இது நினைவகத்தில் மட்டும் நிற்கும் மாற்றம். இங்கே அதுதான் வேண்டும். ஃபைபர் சரியான பிறகு இதன் சுவடே இருக்கக் கூடாது.

பெயர்ச் சேவையான டி.என்.எஸ். பக்கம் வந்தால் இரட்டை இருப்பின் சிக்கல் இன்னும் கூடுகிறது. எந்தச் சர்வரிடம் பெயரைக் கேட்பது என்பது ஈடிசி அடைவில் உள்ள 'ரிசால்வ்.கான்ஃப்' என்ற கோப்பில் இருக்கும் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். அதைத் திறந்து 8.8.8.8 என்று எழுதிச் சேமிக்கிறோம், வேலை செய்கிறது, மறுநாள் பார்த்தால் நாம் எழுதியது காணவில்லை. இன்றைய லினக்ஸில் அந்தக் கோப்பை வேறொரு நிரல் எழுதுகிறது. நாம் எழுதியதை அது அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதும். கோப்பின் முதல் வரியிலேயே எழுதியவர் யார் என்று குறிப்பு இருக்கும்: நெட்வொர்க் மேனேஜர் உருவாக்கியது என்றோ, சிஸ்டம்டி-ரிசால்வ்டி (லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி தொகுப்பின் பெயர்ச் சேவை நிரல்) பராமரிப்பது, திருத்தாதீர்கள் என்றோ. பின்னதாக இருந்தால் உள்ளே 127.0.0.53 என்ற முகவரி மட்டும் இருக்கும். அது கணினிக்குள்ளேயே உள்ள இடைத்தரகர். உண்மையில் வெளியே யாரைக் கேட்கிறது என்பதை 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' சொல்லும். சிலர் எரிச்சலில் அந்தக் கோப்பையே யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி வைத்துவிடுகிறார்கள். அதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். பின்னால் வேறொருவர் வந்து முறைப்படி டி.என்.எஸ். மாற்றும்போது ஏன் மாறவில்லை என்று தெரியாமல் நாள் முழுவதும் தவிப்பார்.

ஆகவே நிலையான மாற்றம் செய்யும் முன் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கணினியில் வலை அட்டைக்குப் பொறுப்பாளர் யார் என்பதே. மேசைக் கணினிகளில் பெரும்பாலும் 2004-இல் ரெட் ஹேட் தொடங்கிய நெட்வொர்க் மேனேஜர். உபுண்டு சர்வர்களில் 2017-இன் 17.10 பதிப்பு முதல் நெட்பிளான் என்ற அமைப்பு, அதன் பின்னால் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி. டெபியன் சர்வர்களில் 'இன்டர்ஃபேசஸ்' என்ற பழைய கோப்பு இன்னும் ஆட்சி செய்கிறது. நெட்வொர்க் மேனேஜரின் கட்டளையான 'என்எம்சிஎல்ஐ டிவைஸ் ஸ்டேட்டஸ்' என்பதைத் தட்டி, நம் அட்டைக்கு எதிரே 'கனெக்டட்' என்று வந்தால் பொறுப்பாளர் நெட்வொர்க் மேனேஜர். 'அன்மேனேஜ்டு' என்று வந்தால் வேறொருவர். பொறுப்பாளர் ஒருவராக இருக்க, இன்னொருவரின் கோப்பில் எழுதினால் ஒன்றும் நடக்காது. அல்லது இரண்டு பேரும் ஒரே அட்டையைப் பிடித்திழுப்பார்கள், அது இன்னும் மோசம்.

கடைச் சர்வரின் பொறுப்பாளர் நெட்வொர்க் மேனேஜர். முதலில் 'என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் ஷோ' என்று கேட்டு இணைப்பின் பெயரைத் தெரிந்துகொண்டேன். அட்டையின் பெயர் வேறு, இணைப்பின் பெயர் வேறு. அட்டை வன்பொருள், இணைப்பு என்பது அதற்காக எழுதி வைத்த அமைப்புத் தொகுப்பு. பிறகு 'என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் மாடிஃபை' என்று தொடங்கி, அந்த இணைப்பின் பெயரைக் கொடுத்து, 'ஐபிவி4.அட்ரசஸ்' 192.168.1.50/24 என்றும், 'ஐபிவி4.கேட்வே' 192.168.1.1 என்றும், 'ஐபிவி4.டிஎன்எஸ்' என்றும் வரிசையாகச் சொல்லி, கடைசியில் 'ஐபிவி4.மெத்தட் மேனுவல்' என்று ஒரே கட்டளையாக முடித்தேன். முகவரி இல்லாமல் 'மேனுவல்' என்று மட்டும் சொன்னால் அது ஏற்காது. கையால் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டு எதையும் கொடுக்கவில்லையே என்று பிழை காட்டும். இந்தக் கட்டளை முடிந்ததும் 'ஐபி அட்ரஸ் ஷோ' பார்த்தால் இன்னும் 107 என்றே இருக்கும். முதல் முறை நான் செய்த தவற்றின் நேர் எதிர்ப்பக்கம் இது: இப்போது கோப்பு மாறிவிட்டது, நினைவகம் மாறவில்லை. 'என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் அப்' என்று இணைப்பை மறுபடி எழுப்பினால்தான் எழுதியது நடப்புக்கு வரும்.

நெட்பிளானில் கட்டளைக்குப் பதிலாக யாம்ல் வடிவக் கோப்பு ஒன்றை எழுத வேண்டும். அதில் ஒவ்வொரு வரியும் எவ்வளவு உள்தள்ளி நிற்கிறது என்பதற்கே பொருள் உண்டு. டேப் விசையால் தள்ளினால் ஏற்காது, இடைவெளி விசையால்தான் தள்ள வேண்டும். அட்டையின் பெயரையும் அங்கே எழுத வேண்டியிருக்கிறது. 2013 முதல் சிஸ்டம்டி கொண்டுவந்த முறைப்படி 'இஎன்பி3எஸ்0' என்ற பெயருக்கு, 3 என்ற எண்ணுள்ள பி.சி.ஐ. பாதையில் உள்ள ஈதர்நெட் அட்டை என்று பொருள். கணினியைத் திறந்து புதிய கார்டு ஒன்றைச் செருகினால் பாதை எண்கள் நகர்ந்து அதே அட்டை 'இஎன்பி4எஸ்0' ஆகிவிடலாம். கோப்போ இல்லாத அட்டையைத் தேடிக்கொண்டிருக்கும். வலையமைப்பைத் தொடவே இல்லை, ஆனாலும் நெட் போய்விட்டது என்று சொல்பவர்களிடம், கணினிக்குள் புதிதாக ஏதேனும் வைத்தீர்களா என்று நான் கேட்பது இதனால்தான்.

விண்டோஸில் இயல்பே வேறு. விண்டோஸ் 2000 காலம் முதல் உள்ள 'நெட்ஷ்' கட்டளையால் 'நெட்ஷ் இன்டர்ஃபேஸ் ஐபி செட் அட்ரஸ்' என்று தொடங்கி முகவரி, மாஸ்க், கேட்வே மூன்றையும் கொடுத்தால், அது நடப்பையும் மாற்றி, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் பதிவேட்டிலும் எழுதிவிடும். மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிற்கும். தற்காலிகமாக மட்டும் வேண்டும் என்றால் 'ஸ்டோர்=ஆக்டிவ்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 8 முதல் வந்த பவர்ஷெல் கட்டளைகளும் வழக்கமாக இரண்டிலும் எழுதுகின்றன. ஆனால் 'ரூட் ஆட்' என்ற பழைய கட்டளை மட்டும் லினக்ஸைப் போலவே நடந்துகொள்ளும். அதில் 'மைனஸ் பி' என்ற குறியைச் சேர்க்காவிட்டால் மறுதொடக்கத்தில் வழி மறைந்துவிடும். ஒரே கணினியில், ஒரே கறுப்புத் திரையில், ஒரு கட்டளை நிலைக்கும், பக்கத்துக் கட்டளை நிலைக்காது என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது கடினம்தான். எல்லாவற்றையும் நிர்வாகி உரிமையோடு திறந்த சாளரத்தில்தான் தட்ட வேண்டும். 'ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல்' என்று பார்க்கும்போது முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடம் கேட்டுப் பதில் வராமல் கணினி தானே ஒரு முகவரியைச் சூட்டிக்கொண்டது என்று பொருள்.

தொலைவிலிருந்து நுழைந்து மாற்றுபவர்களுக்கு நினைவகத்தின் இந்த மறதி ஆபத்தாகவும் இருக்கிறது, காப்பாகவும் இருக்கிறது. சேரன்மகாதேவிப் பக்கத்து அலுவலகம் ஒன்றின் கணினியில் பாளையங்கோட்டையிலிருந்து எஸ்.எஸ்.எச். என்ற தொலைநுழைவு முறை வழியே நுழைந்து, அட்டையை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்று 'டவுன்' கட்டளையைத் தட்டினேன். நான் நின்றிருந்த கிளையை நானே வெட்டிவிட்டேன். 'அப்' என்று தட்ட வழியில்லை. அதற்குப் பின் நான் தவறாமல் கடைப்பிடிக்கும் முறை ஒன்று உண்டு. எதையும் தொடும் முன் 'ஷட்டவுன் -ஆர் +10' என்று தட்டி, பத்து நிமிடத்தில் மறுதொடக்கம் செய்யும்படி கணினியிடம் சொல்லி வைப்பேன். பிறகு 'ஐபி' கட்டளைகளால் நினைவகத்தில் மட்டும் மாற்றிப் பார்ப்பேன். தொடர்பு அறுந்தால் பத்து நிமிடம் பொறுத்தால் போதும். கணினி மறுபடி எழுந்து, நான் தொடாத கோப்பைப் படித்துப் பழைய நிலைக்கு வந்துவிடும். மாற்றம் சரியாக இருந்தால் 'ஷட்டவுன் -சி' என்று அதை ரத்து செய்துவிட்டு, அதன் பிறகே கோப்பில் எழுதுவேன். நெட்பிளான் இதையே 'நெட்பிளான் ட்ரை' என்ற பெயரில் தருகிறது: 120 நொடிக்குள் நாம் உறுதி சொல்லாவிட்டால் தானே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். வலையமைப்புக் கருவிகளில் இவ்வளவு கனிவாக எண்ணிச் செய்த வசதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நிலையான முகவரியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கவனம் வேண்டும். ரூட்டர், தான் கேட்பவர்களுக்குக் கொடுப்பதற்கென்று முகவரி வரம்பு ஒன்றை வைத்திருக்கும். கடை ரூட்டரில் அது 100-இலிருந்து தொடங்கியது. அந்த வரம்புக்குள் இருக்கும் எண் ஒன்றைச் சர்வருக்குக் கையால் கொடுத்தால், அதே எண்ணை ரூட்டர் ஒருநாள் யாரோ ஒருவரின் கைபேசிக்குக் கொடுத்துவிடலாம். அப்போது சர்வர் விட்டு விட்டு வேலை செய்யும். கண்டுபிடிக்க மிகவும் கடினமான கோளாறு அது. 50 வரம்புக்கு வெளியே இருந்ததால் அந்த எண்ணையே வைத்துக்கொண்டேன். மாற்றுவழியாக, சர்வரின் வன்பொருள் முகவரியை ரூட்டரில் பதிந்து, இவருக்கு எப்போதும் இதே எண்ணைக் கொடு என்று சொல்லி வைக்கலாம். பிரிண்டர்களுக்கு அந்த முறையைத்தான் பரிந்துரைப்பேன், அவற்றின் சிறிய திரையில் எண்களைத் தட்டுவது பெரும்பாடு. சர்வருக்கு வேண்டாம் என்பது என் கருத்து. இணைய நிறுவனத்தார் ரூட்டரை மாற்றும் நாளில், பழைய ரூட்டரோடு அந்தப் பதிவும் போய்விடும், அப்படி ஒன்று இருந்ததே அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

அன்று கடையில் எல்லாம் முடிந்த பிறகு, தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சர்வரை மறுதொடக்கம் செய்தேன். முதல் முறை நான் செய்யாமல் விட்டது இந்த ஒன்றைத்தான். எழுந்ததும் 'ஐபி அட்ரஸ் ஷோ' தட்டினேன். 192.168.1.50 மட்டும் இருந்தது, வரியின் கடைசியில் 'டைனமிக்' இல்லை, 107 போய்விட்டது. 'ஐபி ரூட்' ஒரே ஒரு 'டிஃபால்ட்' வரியைக் காட்டியது. தம்பி முன்மேசைக்குப் போய் ஒரு பில்லைத் திறந்து பார்த்து, "வந்துட்டு அண்ணாச்சி" என்று அங்கிருந்தே சொன்னார். முகவரி, மாஸ்க், கேட்வே, டி.என்.எஸ்., இணைப்பின் பெயர், ரூட்டரின் வரம்பு தொடங்கும் எண் ஆகிய ஆறையும் ஒரு தாளில் எழுதி, சர்வர் வைத்திருக்கும் அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவிட்டுக் கிளம்பினேன்.